கம்ப்யூட்டர் மருந்துச் சீட்டு: மருந்து ஏறும் முன்னால மருந்தாளுநர் எதைப் பார்க்கணும்?

பாளை_ஃபார்மசி கேட்டது

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு விளக்கம் வேணும்.

120 படுக்கை ஆஸ்பத்திரி. வார்டு மருந்து ஆர்டர் எல்லாம் இப்பம் கம்ப்யூட்டர்லதான் வருது. டாக்டர் ஏத்துன ஆர்டர் எங்க திரையில வரிசையா நிக்கும். நாங்க ‘சரிபார்த்தாச்சு’ன்னு அமுக்கினாத்தான் லேபிள் அடிக்கும், மருந்து மாடிக்கு ஏறும். பகல்ல ரெண்டு பேர், ராத்திரி ஒரே ஆள். ரவுண்ட்ஸ் முடிஞ்சு பத்தரை மணியில இருந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் ஆர்டர் மழையாக் கொட்டும்.

கையெழுத்து புரியாத தொல்லை ஒழிஞ்சது வாஸ்தவம். ஆனா தப்பு ஒழியலை, வேஷம் மாத்திட்டு வருது. எழுத்து பளிச்சுன்னு இருக்கதுனால உள்ள இருக்க விஷயமும் சரியாத்தான் இருக்கும்னு கண்ணு ஏமாந்துருது.

கேக்க வேண்டியது இதுதான். ஒரு ஆர்டருக்கு ஒரு நிமிஷம்தான் கிடைக்கும்னா எதை முதல்ல பார்க்கணும்? சிவப்பு எச்சரிக்கை எதுக்கெடுத்தாலும் வருது, எதை மதிக்க, எதை விட? டோஸ் தப்புன்னு தெரிஞ்சா நாமளே திருத்தலாமா? குழந்தை வார்டுக்குத் தனி முறை உண்டா?

வண்ணாரப்பேட்டை_கிளினிக்கல்

மருந்து வரியில ஆரம்பிக்காதீங்க, ஆளுல ஆரம்பிங்க. மருந்து வரியை மட்டும் படிச்சா "எனாக்ஸாபரின் 40 மி.கி., தோலுக்கடியில், நாளுக்கு ரெண்டு வேளை" என்பதில் ஒரு குறையும் தெரியாது. அதே ஆர்டரை 72 வயது, 45 கிலோ, கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தச் சோதனை) 1.6 உள்ள அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறுநீரகம் நிமிஷத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது (கிளியரன்ஸ்) என்று கணக்குப் போடுங்கள்: 140-ல் வயதைக் கழித்தால் 68, அதை எடையால் பெருக்கினால் 3060. கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கினால் 115.2. வகுத்தால் 26.6, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க 22.6 மி.லி. 30-க்குக் கீழே போனால், ரத்தக்கட்டுக்குக் கொடுக்கும் சிகிச்சை அளவு எனாக்ஸாபரின் நாளுக்கு ஒரு வேளைதான். வரி சுத்தம், ஆர்டர் தப்பு. கம்ப்யூட்டர் ஆர்டரில் வருகிற தப்பில் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

அதனால் திரையில் முதலில் கண் போக வேண்டிய இடம் மேல் பட்டை: பெயர், ஆஸ்பத்திரி எண், வயது, எடை, கடைசிக் கிரியாட்டினினும் அதன் தேதியும், ஒவ்வாமை, நோய். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நம்ம ஊர் வார்டில் எந்த நாளும் ரெண்டு இசக்கியம்மாள், ரெண்டு சுடலைமுத்து படுத்திருப்பார்கள், இனிஷியல்கூட ஒண்ணாகவே இருக்கும். டாக்டர் ஒரே நேரத்தில் ரெண்டு பேர் பக்கத்தைத் திறந்து வைத்து மாத்தி ஏற்றுவது சாதாரணமாக நடப்பது. கண்டுபிடிக்க ஒரே வழி, நோய்க்கும் மருந்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. இடுப்பு எலும்பு முறிந்து வந்தவருக்குத் திடீரென கார்பிமசோல் வந்தால் தைராய்டு இருக்கிறதா என்று கேஸ் ஷீட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆள் மாறியிருக்கலாம், அல்லது கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தை எடுக்கப் போய் விரல் தள்ளிப் பட்டிருக்கலாம்.

பட்டியலில் தேர்ந்தெடுக்கும் முறையால் பிறந்த தப்பு இது. கையால் எழுதும் காலத்தில் மெட்ஃபார்மினையும் மெட்ரோனிடசோலையும் கிறுக்கலில் குழப்பினோம். இப்போது முதல் மூன்று எழுத்தைத் தட்டினால் மெட்ஃபார்மின், மெட்டோப்ரோலால், மெட்டோகுளோப்ரமைட், மெட்ரோனிடசோல், மெத்தோட்ரெக்ஸேட் எல்லாம் ஒரே சன்னலில் வரிசை கட்டி நிற்கின்றன. இதில் கடைசிப் பெயரைத்தான் உயிர் போகிற மருந்தாகக் கருதிப் பார்க்க வேண்டும். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் அது வாரம் ஒரு முறை. கம்ப்யூட்டரோ வேளை கேட்ட இடத்தில் ‘தினம் 1’ என்பதைத் தானே நிரப்பி வைத்திருக்கும். நான் வைத்திருக்கும் சோதனை எண்ணிக்கைதான்: வாரம் 10 மி.கி. என்றால் 2.5 மி.கி. மாத்திரை 4, நாலு வாரத்துக்கு 16. கேட்டிருப்பது 28 அல்லது 30 என்று வந்தால் லேபிள் அடிக்காதீர்கள். கிழமை பெயர் இல்லாத மெத்தோட்ரெக்ஸேட் ஆர்டரை ஏற்கக் கூடாது. ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் இருந்தாலும் போதாது. 10 மி.கி. மாத்திரையை வார்டில் வைக்காமல் 2.5 மட்டும் வைத்தால் இன்னொரு குழி மூடும்.

அடுத்தது, ஒற்றை ஆர்டரைப் பார்த்துவிட்டு நகராமல் முழுப் பட்டியலையும் ஒரு தடவை மேலிருந்து கீழே ஓட்டுவது. கையெழுத்துச் சீட்டில் மாற்றம் என்றால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவார்கள். கம்ப்யூட்டரில் புதியதை ஏற்றிவிட்டுப் பழையதை நிறுத்த மறந்துவிடுவார்கள், ரெண்டும் ஓடும். 2005-ல் அமெரிக்காவில் ஒரு போதனா மருத்துவமனையில் நடந்த ஆய்வு, கம்ப்யூட்டர் ஆர்டர் முறையே வழிவகுக்கிற 22 வகைத் தப்பைப் பட்டியல் போட்டது. அதில் இதுவும் உண்டு. இன்னொன்றும் உண்டு: மருந்தகத்தில் இருப்பில் உள்ள மாத்திரை அளவைத் திரையில் பார்த்துவிட்டு, அதுதான் வழக்கமான டோஸ் என்று டாக்டர் எடுத்துக்கொள்வது. இருப்பில் 10 மி.கி. மட்டும் இருந்தால் எல்லா நோயாளிக்கும் 10 மி.கி. போகும்.

முழுப் பட்டியலைப் பார்த்தால்தான் பாராசிட்டமால் தெரியும். ஆபரேஷன் முடிந்த 45 கிலோ ஆளுக்கு நரம்பில் 1 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, அது 3000 மி.கி. வலிக்கு டிரமடால் சேர்ந்த கூட்டு மாத்திரை 3 வேளை, அதில் 325 வீதம் 975. காய்ச்சல் வந்தால் 650 என்று ‘தேவைப்பட்டால்’ ஆர்டர், மூன்று தடவை கொடுத்தால் 1950. கூட்டினால் 5925 மி.கி. இவருடைய உச்ச வரம்பு கிலோவுக்கு 60 மி.கி. வீதம் 2700 மட்டுமே. எடையைப் பார்க்காமல் தனித்தனியாகப் படித்தால் மூன்று ஆர்டரும் குற்றமற்றவை போலத்தான் தெரியும், ஆனால் இவருடைய எடைக்கு முதல் ஆர்டரே வரம்பைத் தாண்டிவிட்டது. கூட்டு மாத்திரையை வியாபாரப் பெயரில் ஏற்றியிருந்தால் மென்பொருளுக்கே உள்ளே பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் போகலாம்.

சிறுநீரகக் கணக்குக்கு ஒரு எச்சரிக்கை. நேற்று 1.1, இன்று 2.4 என்று கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும்போது மேலே சொன்ன சூத்திரம் வேலை செய்யாது, உண்மை நிலை அதைவிட மோசமாக இருக்கும். மறுபக்கம், கடும் தொற்றில் வந்தவருக்கு மெரோபெனம் முதல் டோஸையே குறைக்கச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். முதல் டோஸ் முழுசாகப் போகட்டும். குறைப்பு அதற்கு அப்புறம், அடுத்த நாள் கிரியாட்டினினையும் பார்த்து.

குழந்தை_வார்டு_மருந்து

மேலே அண்ணாச்சி சொன்னது பெரியவங்களுக்கு. குழந்தைக்கு எடை இல்லாத ஆர்டர் ஆர்டரே கிடையாது. எடைக் கட்டம் காலியா இருந்தா சில மென்பொருள் பெரிய ஆள் எடையை ஊகிச்சுக்கும், சிலதுல வயசைக் கொண்டுபோய் எடைக் கட்டத்துல போட்டுருப்பாங்க. 4 வயசுப் பிள்ளைக்கு 4 கிலோன்னு இருந்தா என்ன அர்த்தம்னு சொல்ல வேண்டாம்.

கணக்கை மி.கி.யிலயும் மி.லி.யிலயும் ரெண்டுலயும் போட்டுப் பார்க்கணும். 10 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 வீதம் 150 மி.கி. 5 மி.லி.க்கு 120 உள்ள சிரப்பா இருந்தா 6.25 மி.லி. 5 மி.லி.க்கு 250 உள்ளதா இருந்தா 3 மி.லி. சொட்டு மருந்தா இருந்தா, அதுல 1 மி.லி.க்கே 100 மி.கி., ஆக 1.5 மி.லி. ஆர்டர்ல ‘6 மி.லி.’ன்னு மட்டும் இருந்து கையில சொட்டு மருந்து பாட்டில் கிடைச்சா 600 மி.கி., நாலு மடங்கு. மி.லி. மட்டும் உள்ள ஆர்டரை லேபிளாக்கக் கூடாதுங்கிறதுக்கு இது ஒண்ணே போதும். லேபிள்ல மி.கி., மி.லி., பாட்டில் செறிவு மூணும் ஒரே வரியில வரணும். வீட்டுக்குப் போற தாய்க்கு ஸ்பூன் அளவு சொல்லாதீங்க, ஊசி போடாத சிரிஞ்ச்சுல கோடு போட்டுக் கொடுங்க.

ஊசியில அமிகாசின் பொல்லாதது. நம்ம நாட்டுல 100, 250, 500 மி.கி. மூணு வயலும் (ஊசி மருந்துக் குப்பி) வருது, மூணுலயும் மருந்து 2 மி.லி.தான். 4 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 வீதம் 60 மி.கி. வேணும். 100 வயல்ல இருந்து எடுத்தா 1.2 மி.லி. ஸ்டாக் தீர்ந்து 500 வயல் மேல போயிருக்கு, நர்ஸ் பழக்கத்துல அதே 1.2 எடுத்தா 300 மி.கி. உள்ள போகும். அஞ்சு மடங்கு, அதுவும் காதையும் சிறுநீரகத்தையும் தாக்குற மருந்துல. வயல் அளவு மாறினா கணக்கையும் புது லேபிளையும் மருந்தகம்தான் மாத்தி அனுப்பணும், வயலை மட்டும் மாத்தி அனுப்பக் கூடாது. குழந்தை வார்டுக்கு 500 வயல் ஏறவே வேண்டாம்னு மேலாளர்கிட்ட எழுதி வாங்கிருங்க.

28 நாளுக்குள்ள உள்ள பிள்ளைக்கு செஃப்ட்ரியாக்ஸோனும் கால்சியம் உள்ள டிரிப்பும் சேரவே கூடாது, படிகம் கட்டும். கால்சியம் குளுக்கோனேட் மட்டும்னு நினைச்சுராதீங்க, ரிங்கர் லாக்டேட்லயும் கால்சியம் இருக்கு. தசமப்புள்ளியையும் பாருங்க. 0.5ன்னு இருக்கணும், வெறும் .5 கூடாது, 5ன்னு இருக்கணும், 5.0 கூடாது. சில பிரிண்டர் எல்லா எண்ணுக்கும் பின்னால ரெண்டு பூஜ்யம் சேர்க்கும். அந்தப் புள்ளி மங்கலா விழுந்தா 5.00 பார்வைக்கு 500 ஆயிரும்.

மேலப்பாளையம்_சிஸ்டர்

மருந்தகத்துல இருக்கவங்களுக்குத் தெரியாத சங்கதி சிலது வார்டுல நடக்கு, அதையும் சொல்லிருதேன்.

நேரம். டாக்டர் 11 மணிக்கு ‘தினம் ஒருவேளை’ன்னு ஒரு ஆன்டிபயாட்டிக் ஏத்துதாவ. கம்ப்யூட்டர் ‘ஒருவேளை’ன்னா காலை 8 மணின்னு வச்சிருக்கும். முதல் டோஸ் மறுநாள் 8 மணிக்குத்தான் எங்க பட்டியல்ல வரும். 21 மணி நேரம் காய்ச்சலோட கிடக்கணும். இதுக்கு மாத்தா ‘உடனே’ ஒரு டோஸ் மத்தியானம் ரெண்டு மணிக்குப் போட்டுட்டு, அதே மருந்தை ரெண்டு வேளைன்னும் ஏத்தினா ராத்திரி 8 மணிக்கு அடுத்தது வந்து நிக்கும். 12 மணி நேரத்துக்கு ஒருதடவை போட வேண்டியதை 6 மணி நேரத்துல போடுதோம். எனாக்ஸாபரின்ல இது ரத்தம் கசியற காரியம். புது ஆர்டர்ல முதல் டோஸ் நேரத்தையும் ரெண்டாவது டோஸ் நேரத்தையும் நீங்க பார்த்தா எங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

பொட்டாசியம். ‘ரெண்டு ஆம்பூல் டிரிப்புல’ன்னு வரும். 10 மி.லி. ஆம்பூல்ல (சின்ன மருந்துக் குப்பி) 20 மில்லி ஈக்விவலென்ட் (பொட்டாசியத்தை அளக்கற அலகு) இருக்கு. கை நரம்புல போட்டா லிட்டருக்கு 40, மணிக்கு 10, இதுதான் வழக்கமான வரம்பு. அப்பம் 500 மி.லி. பாட்டிலுக்கு ஒரு ஆம்பூல்தான், அதுவும் ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாம. ரெண்டு ஆம்பூல் ஒரே பாட்டில்ல போட்டா நரம்பு வெந்து போகும், வேகம் கூடினா நெஞ்சு நிக்கும். தொங்குற பாட்டில்ல மேல இருந்து குத்தினா மருந்து அடியில தங்கி முதல்லயே மொத்தமா இறங்கும். இறக்கி, குத்தி, கவுத்துக் கவுத்துக் கலக்கிட்டுத்தான் மாட்டணும். வார்டு அலமாரியில பொட்டாசியம் ஆம்பூல் இருக்கவே கூடாது. கலந்த பாட்டிலா மருந்தகத்துல இருந்து வரட்டும். அதுக்கு வசதி இல்லைன்னா பூட்டின பெட்டியில, சிவப்பு லேபிளோட.

இன்சுலின். வயல்ல 1 மி.லி.க்கு 40 யூனிட், பேனாவுல 100. பேனாவுல ஊசி தீர்ந்து போச்சுன்னு 40 சிரிஞ்ச்சை வச்சு பேனாக் குப்பியில இருந்து உறிஞ்சினா, 20 யூனிட்னு கோடு காட்டும், உள்ள போறது 50. 40 வயலுக்கு 100 சிரிஞ்ச்சு அனுப்பினா தலைகீழா நடக்கும், 20-க்கு 8தான் போகும். 100 யூனிட் வயலும் இப்பம் வருது, அதையும் பார்த்துக்கோங்க. வயலையும் சிரிஞ்ச்சையும் ஒண்ணா ஒரே பையில போட்டு அனுப்புங்க.

ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியா வயித்துக்குப் போற குழாய்) போட்ட ஆளுக்கு மெதுவாக் கரையுற மாத்திரை ஆர்டர் வந்தா அங்கேயே நிறுத்திருங்க. இங்க வந்தா இடிச்சுத்தான் கொடுக்கணும், 24 மணி நேர மருந்து ஒரே மூச்சுல இறங்கும். திரையில ட்யூப் இருக்கது தெரியாது, ‘வழி’ங்கிற கட்டத்துல வாய்னுதான் இருக்கும். சந்தேகம்னா ஒரு போன் போடுங்க.

பிறகு, ஸ்ட்ரிப்பை வெட்டுதப்போ பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசி வரைக்கும் வச்சிருங்க. பெயர் இல்லாத நாலு வெள்ளை மாத்திரையை வச்சிக்கிட்டு நாங்க என்ன ஜோசியமா பார்க்க?

பாளை_ஃபார்மசி

சிஸ்டர் சொன்ன முதல் டோஸ் நேரம் நாங்க பார்க்கவே இல்லை, இனிமே பார்க்கோம்.

எச்சரிக்கை விஷயம் யாரும் தொடலையே? டாக்டருக்கு ஒரு தடவை, எங்களுக்கு ஒரு தடவை வருது. அவங்க ‘தெரியும், தொடர்க’ன்னு அமுக்கிட்டுப் போயிருதாவ. நாங்களும் அப்படியே அமுக்கத் தொடங்கிட்டோம்.

மென்பொருள்_அம்பை

எல்லா ஊரிலும் இதே கதைதான். வெளிவந்த ஆய்வுகளில் மருந்து எச்சரிக்கைகளை டாக்டர்கள் தள்ளிவிட்டது 49 முதல் 96 சதவீதம் வரை. தள்ளுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; பெரிய ஆபத்தில்லாத ஆம்லோடிபினோடு அட்டோர்வாஸ்டாட்டினுக்கும் சிவப்பு, ரத்தம் கசிய வைக்கக்கூடிய வார்ஃபரினோடு மெட்ரோனிடசோலுக்கும் அதே சிவப்பு என்றால் கண் பழகிவிடும்.

மருந்தகமும் மருத்துவர்களும் உட்கார்ந்து, வேலையை நிறுத்த வேண்டிய எச்சரிக்கை எவை என்று ஒரு சின்னப் பட்டியல் போட வேண்டும். இருபதுக்குள் வைத்தால் நல்லது என்பது என் கருத்து. நான் சேர்க்கச் சொல்பவை: அசெனோகூமரால் அல்லது வார்ஃபரினோடு மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல். மெத்தோட்ரெக்ஸேட்டோடு கோட்ரைமாக்சசோல். வால்ப்ரோயேட்டோடு மெரோபெனம், இது வலிப்பு மருந்தின் அளவை ரத்தத்தில் சரித்துவிடும், டோஸைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின். லினசோலிடோடு டிரமடால். ஸ்பைரோனோலாக்டோன் ஓடும்போது பொட்டாசியம் சிரப். ரிஃபாம்பிசின் புதிதாகத் தொடங்கினால் பழைய பட்டியல் முழுவதும் மறுபார்வை. மீதி எச்சரிக்கையெல்லாம் ஓரத்தில் சின்ன எழுத்தில் நிற்கட்டும், வேலையை மறிக்க வேண்டாம்.

ஒவ்வாமையை ‘குறிப்பு’ப் பகுதியில் வாக்கியமாகத் தட்டினால் மென்பொருளுக்கு அது தெரியாது. பெனிசிலின் ஒவ்வாமை என்று பட்டியலில் தேர்ந்தெடுத்தால்தான் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டும் பிப்பரசிலின்-டாசோபாக்டமும் வரும்போது மறிக்கும். இந்த இடத்தைச் சேர்க்கைப் பிரிவில் கட்டாயமாக்குங்கள்: ‘எதுவும் இல்லை’ என்றாலும் அதைத் தேர்ந்தெடுத்துத்தான் நகர முடிய வேண்டும்.

பட்டியலைப் பொறுத்தவரை, மூன்று எழுத்தில் தேடலை அனுமதிக்காமல் ஐந்து எழுத்து கேட்டாலே பாதிக் கூட்டம் குறையும். டோபமைன், டோபுடமைன் போன்ற ஜோடிகளில் வேறுபடும் பகுதியைப் பெரிய எழுத்தில் காட்டலாம். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கும் அலெண்ட்ரோனேட்டுக்கும் ‘தினம்’ என்ற தேர்வையே எடுத்துவிடுங்கள். புற்றுநோய்ப் பிரிவுக்குத் தனி ஆர்டர் தாள் இருக்கட்டும். லெவோதைராக்ஸினுக்கு அலகு மைக்ரோகிராம் மட்டுமே தெரிய வேண்டும். முந்தைய சேர்க்கையின் மருந்தை அப்படியே நகலெடுக்கும் பட்டன் இருந்தால் அதில் ஆன்டிபயாட்டிக்குகளும் ஊசிகளும் வராதபடி அடைக்கச் சொல்லுங்கள்.

களக்காடு_ஐசியூ

எச்சரிக்கையைக் குறைக்கச் சொல்வது சரி. ஆனால் மேல் வரம்பு எச்சரிக்கையை மென்பொருள் சொன்னபடி கேட்டால் நம்ம பக்கத்தில் ஆள் பிழைக்காது, அதையும் சொல்ல வேண்டும்.

பூச்சி மருந்து குடித்து வருகிறவருக்கு அட்ரோபின் 0.6 மி.கி. ஆம்பூல் மூன்று முதல் ஐந்து வரை முதலில், அப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக, நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கும் வரை. ஒரே ஆளுக்கு நூறு ஆம்பூல்கூட ஆகும். கம்ப்யூட்டர் சிவப்பாகக் கத்தும். அங்கே நிறுத்திவைத்து போன் போட்டு நேரம் கழிப்பதுதான் தப்பு. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து 10 வயல் என்றால் குழந்தைக்கும் அதே 10 வயல்தான், ஏனென்றால் பாம்பு உள்ளே விட்ட விஷத்துக்குத்தான் மருந்து, பிள்ளையின் எடைக்கு அல்ல. கரைக்கிற திரவ அளவு மட்டும்தான் எடையைப் பார்த்து மாறும். ‘குழந்தைக்கு அதிக டோஸ்’ என்று குறைத்துவிடாதீர்கள். அரளி விதை தின்று வந்தவரின் வீட்டு மருந்துப் பட்டியலில் டிகாக்ஸின் இருந்தால் அதை உடனே நிறுத்தக் கேளுங்கள், ரெண்டும் ஒரே வழியில் இதயத்தைத் தாக்கும். பொட்டாசியம் ரிசல்ட் வராமல் பொட்டாசியம் ஊசியும் போகக் கூடாது.

அதனால்தான் நோய் என்ன என்று தெரியாமல் டோஸைச் சரிபார்க்க முடியாது என்கிறேன். ஐசியூ ரவுண்ட்ஸில் மருந்தாளுநர் ஒருவர் கூடப் போனால் இதில் பாதி அங்கேயே முடியும். 1999-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் அப்படிப் போன ஐசியூவில், ஆர்டர் தப்பால் வந்த, தடுக்கக்கூடிய பாதிப்பு 66 சதவீதம் குறைந்தது. மருந்தாளுநர் சொன்ன 366 யோசனையில் 362-ஐ டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

வண்ணாரப்பேட்டை_கிளினிக்கல்

திருத்தலாமா என்ற கேள்விக்குப் பதில் விட்டுப்போச்சு. கூடாது. மருந்து விதிகள் 1945, விதி 65(11அ) படி எச் அட்டவணை (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்கக்கூடிய மருந்துகள்) மருந்துச் சீட்டுக்கு வேறு தயாரிப்பைப் பதிலாகக் கொடுக்க முடியாது, உள்ளே அதே மருந்து இருந்தாலும்கூட. ஆனால் ‘நான் கொடுக்கிற ஆள்தானே’ என்றும் ஒதுங்க முடியாது. 2015 மருந்தாளுநர் தொழில்நடத்தை விதிமுறைகள் இரட்டிப்பு மருந்து, தப்பான டோஸ், மருந்து முரண்பாடு, ஒவ்வாமை எல்லாவற்றையும் பார்ப்பது நம் வேலை என்று எழுதியே வைத்திருக்கின்றன. ஆக, நிறுத்தலாம், கேட்கலாம், டாக்டர் திரையில் மாற்ற வேண்டும்.

கேட்கிற விதத்தில்தான் போன் எடுக்கிறார்களா இல்லையா என்பதே இருக்கு. "சார், டோஸ் சரியா?" என்று கேட்டால் "சரிதான்" என்று வைத்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "சார், 214 பெட், 72 வயசு அம்மா, 45 கிலோ, இன்னைக்குக் கிரியாட்டினின் 1.6, கிளியரன்ஸ் 22. எனாக்ஸாபரின் 40 ரெண்டு வேளை வந்திருக்கு. ஒரு வேளையா மாத்திரலாமா, இல்லை ஹெபரினுக்குப் போறீங்களா?" பத்து விநாடி. பதிலோடு வர வேண்டிய கேள்வி இது. மாற்றம் வாய்மொழியாக வந்தால் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, அவர் திரையில் ஏற்றும் வரை அந்த ஆர்டரைப் பூட்டி வையுங்கள்.

எடுக்கவில்லையென்றால் முதலில் டியூட்டி டாக்டர், அப்புறம் அந்தத் துறை மூத்தவர், அப்புறம் மருத்துவக் கண்காணிப்பாளர். இந்த ஏணியை ஆஸ்பத்திரியில் எழுத்தாக வாங்கி ஒட்டிவிடுங்கள், ராத்திரி ஒற்றை ஆளாக இருக்கிறவருக்கு அதுதான் துணை. காத்திருக்கலாமா என்று மருந்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்: வைட்டமின் காலை வரை நிற்கும், தொற்றுக்கு முதல் டோஸ் நிற்காது.

ஒவ்வொரு தலையீட்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, மருந்து, என்ன தப்பு, எங்கே பிடித்தது, ஏற்றார்களா. நோயாளியிடம் போகும் முன் பிடிபட்டதையும் எழுத வேண்டும், யார் பெயரையும் போட வேண்டாம். மாதக் கடைசியில் ஒரே மருந்து நாலு தடவை வந்திருந்தால் அது டாக்டர் குறை இல்லை, திரை அமைப்பின் குறை. மேலே மென்பொருள் அண்ணாச்சி சொன்ன வேலைக்குப் பட்டியல் கையில் கிடைத்துவிடும். மருந்தால் பாதிப்பே வந்திருந்தால் அது வேறு கணக்கு, மருந்துப் பாதிப்பைக் கண்காணிக்கும் இந்திய அரசுத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம்.

டிஸ்சார்ஜ் சீட்டை மறக்க வேண்டாம். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் மூலமாக நிறைய வீட்டில் ஆம்லோடிபினும் மெட்ஃபார்மினும் ஏற்கெனவே இருக்கு, மூலப் பெயரில். நாம் அதையே வியாபாரப் பெயரில் எழுதிக் கொடுத்தால் ரெண்டையும் சாப்பிடுவார்கள். பையைக் கொண்டுவரச் சொல்லி எடுத்துப் பாருங்கள். அதோடு, பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் இது, "வேற எதுவும் சாப்பிடுதீயளா, சூரணம், கஷாயம்?" என்று வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்வார்கள், மருந்து என்றால் அவர்கள் கணக்கில் மாத்திரை மட்டும்தான். லேபிளில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று தானாக விழுவதையும் பாருங்கள்: லெவோதைராக்ஸின், அலெண்ட்ரோனேட், ரிஃபாம்பிசின் மூன்றும் வெறும் வயிற்றுக்கு.

குழந்தை_வார்டு_மருந்து

ஒரு சேர்க்கை. அமிகாசின்ல 500 வயல் பத்தி மட்டும் சொன்னேன். 250 வயலும் அதே 2 மி.லி.தான், அதுல 1.2 எடுத்தா 150 மி.கி., ரெண்டரை மடங்கு. லேபிள் மாத்துற விதி அதுக்கும் சேர்த்துத்தான்.

பாளை_ஃபார்மசி

குறிச்சாச்சு. நாளைக்கு குழந்தை வார்டு அலமாரியைத் திறந்து எந்த வயல் எத்தனை கிடக்குன்னு முதல்ல எண்ணுதோம்.